ஆறிய புகை: கணப்படுப்பின் குழாயில் வெப்பமானியைப் படிப்பது

கனடாவில் விறகுக் கணப்படுப்பு வைக்கும் வீட்டார் பலரும் அதோடு ஒரு சிறிய வட்ட வெப்பமானியையும் வாங்கிவிடுகிறார்கள். காந்தத்தால் புகைக்குழாயில் ஒட்டிக்கொள்ளும். முகத்தில் மூன்று நிறப் பட்டை, நடுவே ஒரு முள். வாங்கும்போது மனதில் இருப்பது ஒரே பயம்: குழாய் பழுக்கக் காய்ந்து வீடு பற்றிக்கொள்ளக் கூடாது. ஆகவே முள் சிவப்புப் பட்டையை எட்டுகிறதா என்று மட்டும் பார்க்கிறார்கள். எட்டாதவரை நிம்மதியாகத் தூங்கப் போகிறார்கள். சிவப்பைக் கண்டு பயப்படுவதில் தவறில்லை. ஆனால் சிம்னித் தீக்கு வேண்டிய எரிபொருள் சேர்வது சிவப்பில் அல்ல, முள் இடப்பக்கம் சோம்பிக் கிடக்கும் இரவுகளில்தான். குழாயில் ஒட்டியிருக்கும் கருவி முதலில் சொல்ல வேண்டிய செய்தி 'சூடு மிஞ்சிவிட்டது' என்பதை விட 'புகை ஆறிப்போகிறது' என்பதே. அந்தச் செய்தியும் ஒற்றை எண்ணில் இராது. விறகு வைத்து எவ்வளவு நேரம் ஆயிற்று, முள் ஏறுகிறதா இறங்குகிறதா என்பவற்றோடு சேர்த்துப் படித்தால்தான் அது பொருள்படும்.

விறகடுப்பு நமக்குப் புதிதில்லை என்பதே இங்கே ஒரு சிக்கல். ஊர் அடுப்பில் தீயைக் குறைக்க வேண்டுமென்றால் விறகை வெளியே இழுப்போம். கொதிக்க வேண்டுமென்றால் உள்ளே தள்ளுவோம். காற்று எப்போதும் திறந்தே இருக்கும். இரும்புக் கணப்படுப்பில் நடப்பது இதற்கு நேர் எதிர். கதவைச் சாத்தியபின் விறகை இழுக்க வழியில்லை. காற்றுத் திறப்பின் கைப்பிடியைத் தள்ளித்தான் தீயைக் குறைக்கிறோம். அப்போது தீ குறைகிறதே தவிர விறகு குறைவதில்லை. ஆறேழு துண்டுகள் சூடான பெட்டிக்குள் கிடந்து, எரியப் போதுமான காற்றில்லாமல் வெந்துகொண்டிருக்கின்றன. கரிமூட்டம் போடுபவர் மண் பூசி, காற்றை அடைத்துச் செய்வதும் இதே வேலைதான். மூட்டத்தின் வாயிலிருந்து வரும் மஞ்சளும் சாம்பலுமான கனத்த புகையைப் பார்த்தவர்களுக்கு, காற்றை அடைத்த கணப்படுப்பின் குழாய்க்குள் என்ன ஓடுகிறது என்று விளக்க வேண்டியதில்லை.

அந்தப் புகை கழிவு அன்று, எரிபொருள். புகைந்து கண்ணைக் கரிக்கும் அடுப்பை ஊதுகுழலால் ஊதினால் பக்கென்று பற்றிக்கொள்வது விறகு மட்டுமல்ல, அதைச் சூழ்ந்து நின்ற புகையும்தான். விறகு சூடேறும்போது முதலில் அதிலுள்ள நீர் ஆவியாகிறது; ஏறக்குறைய 200 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் மரமே சிதைந்து வாயுக்களாகவும் தார்த்துளிகளாகவும் வெளியேறத் தொடங்குகிறது. காய்ந்த விறகின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் இப்படிப் புகையாகப் போகக்கூடியது. மிஞ்சுவதுதான் தணலாக எரியும் கரி. விறகு தரும் வெப்பத்தில் பாதிக்கு மேல் இந்த வாயுக்கள் எரிவதால் வருகிறது. ஆனால் அவை முழுமையாக எரிய அடுப்புக்குள் 600 டிகிரி அளவுக்குச் சூடும், கூடவே காற்றும் வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் அவை எரியாமல் குழாய் ஏறுகின்றன. அங்கே அவற்றோடு நீராவியும் சேர்கிறது. எவ்வளவு காய்ந்த விறகானாலும் ஒரு கிலோ எரிந்தால் அரைக் கிலோவுக்கு மேல் நீராவி உண்டாகும், ஏனென்றால் மரத்திலுள்ள ஹைட்ரஜனே எரிந்து நீராகிறது. குழாயின் உட்சுவர் ஏறக்குறைய 120 டிகிரிக்குக் கீழே ஆறியிருந்தால் தார் அதில் படிகிறது. இந்தப் படிவுதான் கிரியோசோட். ஓட்டு வீட்டுச் சமையலறைக் கூரையில் கறுத்துத் தொங்கும் ஒட்டடைக்கு இது நெருங்கிய சொந்தம். ஆனால் கூரை ஒட்டடை திறந்த வெளியில் உலர்கிறது, இதுவோ காற்று வேகமாக மேலிழுக்கும் குறுகிய குழாய்க்குள் தீப்பொறிக்காகக் காத்திருக்கிறது.

குழாய் ஆறினால் இன்னொரு கேடும் உண்டு. புகையை மேலே இழுப்பது விசிறியோ மோட்டாரோ அல்ல. வெளிக்காற்றை விடச் சூடான புகை எடை குறைந்திருப்பது ஒன்றே காரணம். ஆறு மீட்டர் உயரமுள்ள சிம்னியில் உள்ளிருக்கும் வாயு சராசரி 150 டிகிரி, வெளியே 10 டிகிரி என்றால் இழுவை ஏறக்குறைய 24 பாஸ்கல். அதே வாயு 70 டிகிரிக்கு ஆறினால் 13 பாஸ்கல்தான், கிட்டத்தட்டப் பாதி. இழுவை குறைந்தால் அடுப்புக்குள் வரும் காற்று குறையும், தீ மந்தமாகும், குழாய் மேலும் ஆறும். ஒன்று மற்றொன்றைக் கீழே இழுக்கும் இந்தச் சுழல் தொடங்கிவிட்டது என்பதை வீட்டுக்குள் இருப்பவருக்கு முதலில் காட்டக்கூடியது முள்தான். ஜனவரிக் கடுங்குளிரை விட அக்டோபர், ஏப்ரல் மாதங்களில் அடுப்பு அதிகம் முரண்டு பிடிப்பதற்கும் காரணம் இதுவே: வெளியே மிதமான குளிர், உள்ளே மிதமான தீ, இடையே இழுப்பதற்குப் போதுமான வேறுபாடு இல்லை.

இனிக் கருவி. இரண்டு வகை உண்டு, இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. காந்த வட்டு, குழாயின் வெளித்தோல் சூட்டைக் காட்டும். உள்ளே இரு உலோகச் சுருள், சூட்டுக்கேற்ப விரிந்து முள்ளைத் திருப்பும். இது ஒற்றைச் சுவர்க் குழாய்க்கு மட்டுமே. இரட்டைச் சுவர்க் குழாயில் ஒட்டினால் நடுவிலுள்ள காற்றிடைவெளியின் வெளிப்புறத்தைத்தான் அது அளக்கும். அந்த எண்ணை நம்புவதை விட வெப்பமானி இல்லாமலிருப்பது மேல். இரட்டைச் சுவருக்கு, சிறு துளையிட்டு உள்ளே நீளும் ஊசி வெப்பமானி வேண்டும். அது ஓடும் புகையையே அளக்கும். இரண்டையும் அடுப்பின் மேல்வாயிலிருந்து ஏறக்குறைய 45 சென்டிமீட்டர் உயரத்தில் வைப்பது வழக்கம். தோலில் 115 முதல் 245 டிகிரி வரை பாதுகாப்பான வேலைச்சூடு. ஊசியில் அது 200 முதல் 480 வரை. ஒரே தீக்கு இரண்டு கருவியும் வேறு வேறு எண் காட்டுவது இயல்பு. உள்ளே ஓடும் புகை தோலை விட ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்கு வரை சூடாக இருக்கும். பக்கத்து வீட்டார் 350 என்கிறார், நம் வீட்டில் 190தான் என்று கவலைப்படுபவர் முதலில் கேட்க வேண்டியது, எந்தக் கருவி என்பதைத்தான். வினையூக்கி வைத்த அடுப்புக்கு இந்தப் பட்டைகள் அப்படியே பொருந்தா. அங்கே புகை ஏறக்குறைய 260 டிகிரியில் வினையூக்கிக்குள்ளேயே எரியத் தொடங்கிவிடுவதால் குழாய் ஆறியிருந்தும் புகை சுத்தமாக இருக்கலாம். வினையூக்கியின் சொந்த வெப்பமானியையே பார்க்க வேண்டும்.

பட்டைகளின் நிறம் ஒரு குறையை மறைக்கிறது: அவை நேரத்தைச் சொல்வதில்லை. ஒருமுறை விறகு நிரப்பியதிலிருந்து அது தணலாகி அடங்கும்வரை முள் ஒரு மலையேறி இறங்குகிறது. ஊசி வெப்பமானியை வைத்துச் சொன்னால், தணல் மேல் புது விறகை வைத்ததும் முள் சற்றுத் தயங்கும், சில வேளை இறங்கவும் செய்யும். காற்றை முழுக்கத் திறந்து வைத்தால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் 250ஐ நெருங்கும். பலரும் தவறும் இடம் இதுதான். விறகை வைத்த கையோடு, 'இரவு முழுக்க நிற்கட்டும்' என்று காற்றை அடைத்துவிடுகிறார்கள். விறகு அதிகபட்சமாக வாயு விடும் நேரத்தில் அதற்கு வேண்டிய சூடும் காற்றும் இல்லாமல் போகிறது. முள் 250, 300 அளவுக்கு ஏறியபின் காற்றை ஒரே தள்ளாக அல்லாமல், ஐந்து நிமிட இடைவெளியில் இரண்டு மூன்று படிகளாகக் குறைப்பதே சரி. ஒவ்வொரு படிக்குப் பிறகும் விறகின் மேலே சோம்பலாகச் சுருளும் சுடர் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். சுடர் அணைந்து கண்ணாடிக்குள் புகை மட்டும் சுழன்றால் ஒரு படி பின்வாங்க வேண்டும். காற்றைக் குறைத்த பிறகு குழாய்ச் சூடு இறங்கி, அடுப்பின் மேல்தட்டு இன்னும் சூடாவதைக் கண்டு குழம்பத் தேவையில்லை. வெப்பம் குழாயில் ஓடிப்போகாமல் அடுப்பில் தங்குகிறது என்பதே அதன் பொருள். மேல்தட்டிலும் ஒரு காந்த வட்டு வைத்திருப்பவர்கள் இந்த இரண்டு எண்களும் பிரியும் தருணத்தைத் தெளிவாகக் காணலாம்.

மலையின் மறுபக்கச் சரிவில், மூன்று நான்கு மணி நேரம் கழித்து, முள் 150க்கு இறங்கி இடப்பக்கக் கிரியோசோட் பட்டைக்குள் கிடக்கும். இதைப் பார்த்துப் பதறி விறகைத் திணிப்பது வீண். அப்போது அடுப்பில் இருப்பது தணல் மட்டும். தார் விடக்கூடியதெல்லாம் முன்பே போய்விட்டது. ஆக, ஏறும்போது காட்டும் 150 எச்சரிக்கை, இறங்கும்போது காட்டும் 150 வெறும் தகவல். தணல் கார்பன் மோனாக்சைடு விடும் என்பதால், அந்த நேரத்தில் காற்றை முழுக்க அடைப்பதும் குழாயிலுள்ள தடுக்கியை மூடுவதும் கூடாது. அதற்கான எச்சரிக்கை மணி வீட்டில் வேலை செய்கிறதா என்பதை முள் சொல்லாது, நாம்தான் பார்க்க வேண்டும்.

இதற்கு வரும் எதிர்வாதங்களில் வலுவானது, சிக்கனத்தின் பேரில் எழுவது. குழாய் சூடாக இருந்தால் அந்தச் சூடு கூரைக்கு மேலே போகிறது என்றுதானே பொருள், காசு கொடுத்து வாங்கிய விறகை ஏன் வானத்துக்கு எரிக்க வேண்டும் என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது, ஆகவே கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இருபது சதவீத ஈரமுள்ள ஒரு கிலோ விறகில் ஏறக்குறைய 15 மெகாஜூல் வெப்பம் உண்டு. தேவைக்கு இரட்டிப்பான காற்று உள்ளே போகிறது என்று வைத்துக்கொண்டால் சுமார் 11 கிலோ வாயு குழாய் ஏறுகிறது. அந்த வாயுவை இன்னும் 100 டிகிரி சூடாக வெளியேற்றுவதால் இழப்பது ஏறக்குறைய 1.15 மெகாஜூல், அதாவது ஏழு எட்டு சதவீதம். மறுபக்கம், புகையாகும் வாயுக்களில் விறகின் பாதி வெப்பம் இருக்கிறது என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும், அவற்றில் கால்பங்கு எரியாமல் தப்பினால் போவது பன்னிரண்டரை சதவீதம். ஆக, ஆறிய குழாய் சிக்கனம்போலத் தோன்றும்போதே பெரிய ஓட்டை வழியாகக் கசிகிறது, படிவையும் கூடவே விட்டுச் செல்கிறது. ஆனால் இந்தக் கணக்கு எதிர்த்திசையிலும் வெட்டும் என்பதை மறைக்கக் கூடாது. வாயுக்கள் சுத்தமாக எரியும் நிலையை எட்டிய பிறகு, அதற்கும் மேலே ஏறும் ஒவ்வொரு 100 டிகிரியும் வெறும் இழப்பே. முள் மணிக்கணக்கில் 450இல் நின்றால் அது நல்ல தீ அல்ல, திறந்து மறந்த காற்றுவாய். எரிகிற அளவுக்கு மட்டும் சூடு, அதற்கு மேல் வேண்டாம் என்பதே சிக்கனக்காரர் கேட்க வேண்டிய பதில்.

இன்னொரு எதிர்வாதம்: தலைமுறை தலைமுறையாகக் கண்ணையும் மூக்கையும் வைத்துத் தீ வளர்த்தோம், இப்போது எதற்கு ஒரு முள்? இதில் பாதி உண்மை. கண்ணாடி கறுப்பதும், சுடரின் நிறமும், சிம்னி வாயில் தெரியும் புகையும் முள்ளை விட நேர்மையான சாட்சிகள். முள் நல்லது என்று சொல்லி சிம்னி புகைந்தால் சிம்னியைத்தான் நம்ப வேண்டும். குளிர்நாட்டில் ஒரு நுணுக்கம் மட்டும் தெரிந்திருக்க வேண்டும்: கழித்தல் 20 டிகிரிக் காலையில் எந்தச் சிம்னியிலிருந்தும் வெள்ளைப் படலம் எழும். அது வாயை விட்டுச் சிறிது தூரத்தில் கரைந்துவிட்டால் நீராவி. நீலமோ சாம்பலோ பூசிக்கொண்டு அடுத்த வீட்டுக் கூரைவரை இழைந்தால் புகை. ஆனால் இரவு பதினொரு மணிக்கு, உறைபனியில், கடைசி விறகு வைத்தபின் வெளியே போய்ச் சிம்னியைப் பார்ப்பவர் எத்தனை பேர்? சாட்சி எவ்வளவு நேர்மையானதானாலும், அழைக்க முடியாத நேரத்தில் பயன்படாது. கண்ணையும் முள்ளையும் ஒன்றுக்கொன்று பழக்க வேண்டும்: முதல் இரண்டு வாரம் பகலில் வெளியே போய்ப் பார்த்து, எந்த எண்ணில் நம் சிம்னியில் புகை அடங்குகிறது என்று குறித்துக்கொண்டால், பிறகு இரவில் அந்த எண்ணே கண்ணாகிவிடும்.

மலிவான வட்டுகள் பொய் சொல்கின்றன என்ற புகாரும் உண்மையே. ஒரே பெட்டியிலிருந்து எடுத்த இரண்டு வட்டுகள் ஒரே குழாயில் வெவ்வேறு எண் காட்டக்கூடும். ஆனால் மேலே சொன்ன வழியில் படிப்பவருக்கு வேண்டியது சரியான எண்ணை விட மாறாத எண். எப்போதும் 20 டிகிரி குறைத்துக் காட்டும் வட்டு நல்ல வட்டுதான், அந்தக் குறை நமக்குத் தெரிந்திருந்தால். சமையலறை ஓவனை 200இல் வைத்து, வட்டை அரைமணி நேரம் அதற்குள் வைத்துப் பார்த்தால் எவ்வளவு தள்ளிக் காட்டுகிறது என்று தெரிந்துவிடும். அகச்சிவப்புத் துப்பாக்கியால் அளப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று: மங்கலான கறுப்புப் பூச்சில் அது ஒழுங்காக அளக்கும், பளபளக்கும் எஃகில் மிகக் குறைத்துச் சொல்லும். எண்திரை காட்டி எச்சரிக்கை ஒலி எழுப்பும் மின்கருவிகள் வேகமானவை, துல்லியமானவை; ஆனால் 2013 டிசம்பர் உறைமழையில் டொராண்டோவில் மூன்று லட்சம் இணைப்புகள் இருண்டு நகரின் ஸ்கார்பரோ பகுதி நாட்கணக்கில் குளிரில் கிடந்ததை நினைவில் வைத்திருப்பவர்கள், மின்கலமே தேவைப்படாத ஒரு முள்ளையும் பக்கத்தில் வைத்துக்கொள்வார்கள்.

சிவப்புப் பட்டையைப் பற்றிச் சுருக்கமாக. ஊசி 480ஐத் தாண்டினால் காற்றை அடைக்க வேண்டும், கதவைத் திறக்கக் கூடாது; சாம்பல் தட்டின் கதவு சரியாகச் சாத்தப்படாததே பல சமயம் காரணம். ரயில் ஓடுவதுபோல் குழாய் இரைந்து, முள் கட்டுக்கடங்காமல் ஏறினால் சிம்னிக்குள் படிவு பற்றிவிட்டது என்று பொருள். எல்லாக் காற்றுவாயையும் அடைத்து, வீட்டிலுள்ளவர்களை வெளியேற்றி, 911ஐ அழைக்க வேண்டும். தண்ணீர் ஊற்றக் கூடாது. சிம்னித் தீ 1,100 டிகிரியைத் தொடக்கூடும். கனடாவில் விற்கும் உலோகச் சிம்னிகளுக்கான தரம் 650 டிகிரியைத் தொடர்வேலைக்கான அளவாக வைத்திருக்கிறது. சிம்னித் தீயைச் சிறிது நேரம் தாங்குமாறும் சோதிக்கிறார்கள். தாங்கியது என்பதற்காக மறுநாளே மீண்டும் தீ மூட்டக் கூடாது. காப்பீட்டு நிறுவனங்கள் வழக்கமாகக் கேட்கும், விறகடுப்புப் பரிசோதனைக்கான 'வெட்' (WETT) சான்று பெற்ற பரிசோதகர் உள்ளே பார்த்துச் சொன்ன பிறகுதான். ஒற்றைச் சுவர்க் குழாய்க்கும் எரியக்கூடிய சுவருக்கும் இடையே 450 மில்லிமீட்டர் விட வேண்டும் என்ற விதி எதற்காக என்பது அந்த இரவில் எல்லாருக்கும் விளங்கும்.

முள் காணாத இடம் ஒன்று உண்டு, அதுதான் சிம்னியின் உச்சி. அடுப்புக்கு மேலே 45 சென்டிமீட்டரில் 250 காட்டும் புகை, வீட்டுக்கு வெளியே சுவரை ஒட்டி நிற்கும் சிம்னியில் ஏறி உச்சியை அடையும்போது பாதியாகக்கூட ஆறியிருக்கலாம். வீட்டின் நடுவே கூரையைத் துளைத்துப் போகும் சிம்னியில் இந்த இழப்பு குறைவு. ஆகவே கருவியோடு வரும் பட்டையின் கீழ் எல்லை எல்லா வீட்டுக்கும் ஒன்றாக இருக்க முடியாது. வெளிச்சிம்னி உள்ளவர் அதைச் சற்று உயர்த்தி வைத்துக்கொள்ள வேண்டும். எவ்வளவு உயர்த்துவது என்பதை வசந்தத்தில் துப்புரவு செய்யும்போது விழுவதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். உலர்ந்த பழுப்புத் தூளாக உதிர்ந்தால் குளிர்காலம் முழுதும் வைத்திருந்த சூடு போதுமானது. மொறுமொறுப்பான கரும்பொருக்காகப் பெயர்ந்தால் காற்றை அவசரப்பட்டு அடைத்திருக்கிறோம், அல்லது விறகு காயவில்லை. ஒரு துண்டைப் பிளந்து புது முகத்தில் ஈரமானியை ஊன்றினால் இரண்டில் எது என்று தெரியும். இருபது சதவீதத்துக்கு மேல் என்றால் முள்ளைக் குறை சொல்லிப் பயனில்லை. ஓக் விறகுக்கு இரண்டு கோடை தேவைப்படும். தூரிகைக்கு அசையாமல் பளபளவென்று கண்ணாடிபோல் ஒட்டியிருந்தால் அதைச் சொந்தமாகச் சுரண்ட முயலாமல் தொழில் தெரிந்தவரை அழைக்க வேண்டும். எந்த வகையானாலும் படிவு மூன்று மில்லிமீட்டர் கனத்தை எட்டினால் வசந்தம்வரை காத்திருக்கலாகாது. கீழ்ப்பகுதி சுத்தமாக இருந்து, உச்சி மூடியின் கம்பிவலை மட்டும் அடைத்துப்போயிருந்தால், அடுத்த நவம்பரில் காற்றைக் குறைக்கத் தொடங்கும் எண்ணை 250இலிருந்து 280க்கு மாற்றிக் குழாயிலேயே சுண்ணக்கட்டியால் எழுதி வைத்து, ஜனவரியில் ஒருமுறை அந்த வலையை இறக்கிப் பார்க்கலாம்.